காலால் ஓம் சொல்லும் பிள்ளை

ஒரு பிள்ளை வாயைத் திறக்காமல் காலால் பதில் சொன்னால், அது பேசியதாகுமா?

இந்த மாரிக்காலம் முழுக்க இந்தக் கேள்வியோடுதான் திரிகிறேன். மருந்தகத்தில் மற்றவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும் அது பக்கத்தில் நிற்கிறது. வேலை முடிந்து ரயிலில் ஏறினால், இருக்கை காலியாக இருந்தாலும் கதவோரம் நின்றபடியேதான் எங்கள் வீடு இருக்கும் புருசெத் வரை வருகிறேன். இருந்தால் யோசனை கூடிவிடும். யாராவது "ஆகும்" என்று சொன்னால் கொஞ்ச நேரம் ஆறுதலாக இருக்கிறது. பிறகு, இவர் ஏன் இவ்வளவு கெதியாகச் சொன்னார், என்னைச் சமாளிக்கத்தானோ என்று சந்தேகம் வந்துவிடுகிறது.

மகளுக்கு ஐந்து வயது. வரும் ஓகஸ்டில் பள்ளிக்கூடம் தொடங்குகிறாள். வீட்டில் அவளுக்கு வாய் ஓயாது. சவர்க்கார நுரையோடு கதைப்பாள், தன் காலுறையில் உள்ள ஓட்டையோடு கதைப்பாள், அப்பா குறட்டை விட்டால் அதற்கும் ஒரு கதை சொல்லுவாள். ஆனால் வீட்டுக் கதவைத் தாண்டி, மாடிப்படியில் முதல் ஆளைக் கண்டதும் குரல் நின்றுவிடும். பார்னஹாகே என்று நாங்கள் சொல்லும் பாலர் பூங்காவுக்கு அவள் போகத் தொடங்கி இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. அங்கே ஒருவரும் அவள் குரலைக் கேட்டதில்லை. விளையாடுவாள். சிரிப்பாள், சத்தமில்லாமல். விழுந்தால் கண்ணீர் வரும், சத்தம் வராது.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. இங்குள்ள பல தமிழ் வீடுகளில் இருப்பதுதான்: வீட்டுக்குள் தமிழ் மட்டும். நோர்வேயிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு நோர்வேஜிய மொழிதான் முதலில் வாயில் வரும். இருந்தும் அவளோடு தமிழிலேயே கதைத்தேன். மற்றது தானாக வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அதனால்தான் அவள் வெளியே வாய் மூடுகிறாள் என்று ஒரு நாள் நினைப்பேன். அடுத்த நாள், தமிழ்ப் பூசைக்குப் போனாலும் அவள் வாய் திறப்பதில்லையே, அங்கே என்ன மொழிப் பிரச்சினை என்று நானே என்னை மறுப்பேன். பிள்ளைகளின் பேச்சைக் கவனிக்கும் ஒரு பெண் வந்து அவளைப் பார்த்தார். சில பிள்ளைகளுக்கு இப்படி வருவதுண்டு, யாருடைய குற்றமும் இல்லை, கதைக்கச் சொல்லி நெருக்க வேண்டாம் என்றார். குற்றமில்லை என்று ஒருவர் சொன்ன கையோடு குற்றத்தைத் தேடத் தொடங்குவது என் சுபாவம்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் படம் வீட்டுக்குள் வந்தது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. மழையுமில்லாமல் பனியுமில்லாமல் ஏதோ ஒன்று வானத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தது. போக இடமில்லாமல் நூலகத்துக்குப் போனோம். புத்தகம் எடுக்கத்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவள் நேரே பழைய படத்தட்டுகள் இருக்கும் அடுக்குக்குப் போய், மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் காற்றில் மிதப்பது போல அட்டை உள்ள ஒன்றைக் கையில் எடுத்தாள். பழைய ஹொலிவூட் பாட்டுப் படம். என் பெற்றோர் பிறப்பதற்கு முன்னரே எடுத்திருப்பார்கள். பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாது, கீழே ஓடும் நோர்வேஜிய எழுத்தை வாசிக்கவும் தெரியாது. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கணவர் வார இறுதிகளில் பிறந்தநாள், கலியாண மண்டபங்களுக்கு ஒலிபெருக்கி பூட்டப் போகிறவர். அவருடைய பழைய சாமான்களுக்குள், சின்னத் திரையோடு சேர்ந்த படத்தட்டுக் கருவி ஒன்றும் கிடந்தது.

படத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் சிலர் தேடிப் பிடித்து உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுவீர்கள். பிறகு அதற்கும் நான் பொறுப்பு.

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தளபாடக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண், அங்கே சாமான் ஏற்றி இறக்க வரும் ஒருவன், ஒரு சண்டை, ஒரு சமாதானம். கதைத்துக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று பாடத் தொடங்குவது எங்களுக்குப் புதிதா? ஆனால் எங்கள் படங்களில் பாட்டு வந்தால் ஆட்கள் மலைக்கோ கடற்கரைக்கோ போய்விடுவார்கள், உடுப்பும் மாறிவிடும். இவர்கள் எங்கேயும் போகவில்லை. இருந்த கடையிலேயே, அங்கே கிடந்த கதிரை மேசை கட்டிலோடேயே ஆடினார்கள். விளக்குத் தண்டைப் பிடித்துச் சுழன்றார்கள். சோபாவின் முதுகில் கால் வைத்து, அது மெல்லச் சரிய, அதோடு தாங்களும் இறங்கினார்கள். எனக்கு மேல் மூச்சு வாங்கியது. அழகாக இருந்தது என்பதற்காக மட்டுமல்ல.

மகளும் அதையேதான் பார்த்திருக்கிறாள்.

"அம்மா, ஏன் அவை சப்பாத்தோடை கட்டில்லை ஏறுகினம்?"

"அது படம், குஞ்சு."

"அவையின்ரை அம்மா ஏசமாட்டாவோ?"

"ஏசுவா. படம் முடிஞ்சாப் பிறகு ஏசுவா" என்றார் கணவர்.

தமிழ் வீட்டிலும் சப்பாத்து வாசலோடு நிற்கும், நோர்வேஜிய வீட்டிலும் வாசலோடு நிற்கும். பார்னஹாகேயிலும் உள்ளே காலுறைதான். சப்பாத்துக் காலோடு ஒருவர் மேசையில் நிற்பதை அவள் வாழ்க்கையில் கண்டதே இல்லை. திருட்டுத்தனமான ஒன்றைப் பார்ப்பவள் போல என் மடிக்குள் ஒடுங்கிக்கொண்டு பார்த்தாள்.

படத்தின் நடுவில் அந்தச் சண்டை வந்தது. பெண் கோபித்துக்கொண்டு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுகிறாள். அவன் வெளியே நின்று கூப்பிடுகிறான், கெஞ்சுகிறான், பாடுகிறான். அவள் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவன் பாட்டை நிறுத்திவிட்டு, காலால் தரையில் ஏதோ தட்டுகிறான். கேள்வி போல. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய கால் தட்டுகிறது. பதில் போல. அவன் நீளமாகத் தட்ட, அவள் சுருக்கமாகத் தட்ட, இரண்டு பேரும் ஒரு வார்த்தை இல்லாமல் ஒரு முழுச் சண்டையும் பிடித்து ஒரு முழுச் சமாதானமும் ஆகிவிடுகிறார்கள்.

மகள் மடியிலிருந்து எழுந்துவிட்டாள். திரையின் முன்னால் போய் நின்று, தன் காலைக் குனிந்து பார்த்தாள்.

அந்தக் காட்சியை அவள் எத்தனை தரம் போட்டாள் என்று கேட்காதீர்கள். பிள்ளைகளைத் திரை பார்க்கவிடும் அளவு பற்றி நான் வாசித்தவை எல்லாம் காற்றில் போயின. நூலகத்துக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் எடுத்தோம். கொஞ்ச நாளில் வீட்டில் ஒரு முறை உருவாகிவிட்டது. இரண்டு தட்டு என்றால் ஓம். பாதத்தை ஒரு தரம் தேய்த்தால் இல்லை. குதிக்காலை மட்டும் ஊன்றி ஆட்டினால் தெரியாது. காலுறையோடு தட்டினால் சத்தம் வரவில்லை என்று அழுதாள். கடைசியில் வெளியே ஒருநாளும் போடாத புதுச் சப்பாத்து ஒன்று, வீட்டுக்குள் மட்டும் என்று, வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்குள் சப்பாத்து! பெட்டியிலிருந்து எடுத்துத் தரும்போது என் கையே தயங்கியது.

அது விளையாட்டு என்றுதான் நினைத்தேன். வீட்டில்தான் அவள் கதைப்பாளே.

ஒரு நாள் பின்னேரம் அவளைக் கூட்டிவரப் போனபோது, அவளுடைய பொறுப்பாசிரியை வாசலுக்கே ஓடிவந்தார். கண் கலங்கியிருந்தது. ஏதோ நடந்துவிட்டது என்று பயந்து, மகள் எங்கே என்று உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"இன்று அவள் எனக்குப் பதில் சொன்னாள்!" என்றார்.

வட்டமாக இருந்து பழம் சாப்பிடும் நேரத்தில், உனக்குப் பேரிக்காய் வேண்டுமா என்று வழக்கம் போலக் கேட்டிருக்கிறார். பதில் வராது என்று தெரிந்தும் ஒவ்வொரு நாளும் கேட்பாராம். எங்கள் வீட்டுக் கால் முறையை ஒரு நாள் பகிடியாக அவரிடம் சொல்லியிருந்தேன். அவள் எழும்பி நின்று இரண்டு தரம் தட்டினாளாம். அப்பிள் வேண்டுமா என்றதற்குப் பாதத்தைத் தேய்த்தாளாம். மற்றப் பிள்ளைகள் கொஞ்சம் பார்த்துவிட்டு, தாங்களும் எழும்பித் தட்டத் தொடங்கிவிட்டார்களாம். அன்றிலிருந்து அந்த வகுப்பில் பழம் கேட்பதென்றால் காலால்தான். சத்தம் கேட்கும்படி அவளுக்கு மட்டும் உள்ளே போடக் கடினமான அடியுள்ள சப்பாத்து அனுப்பும்படி கேட்டார்கள். வீட்டுச் சப்பாத்தைப் பையில் வைத்து அனுப்பினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் அழுதேன். சந்தோஷம்தான். வீட்டுக்கு வந்து சோற்றுக்குத் தண்ணீர் வைக்கும்போதே மற்ற யோசனை வந்துவிட்டது. காலே போதும் என்று அவள் முடிவெடுத்துவிட்டால்? பேரிக்காய் கிடைத்துவிட்டது. இனி வாய் எதற்கு?

கணவரிடம் சொன்னேன்.

"என்னப்பா, நீர் ஒரு நல்ல செய்தியை ஒரு நாளாவது சும்மா வைச்சிருக்க மாட்டீரோ?" என்றார்.

"உங்களுக்கு விளங்கேல்லை. பள்ளிக்கூடத்திலை வாசிக்கச் சொல்லுவினம். காலாலை வாசிக்கேலுமோ?"

"வாசிக்கேக்கை பாப்பம். இப்ப பேரிக்காய்தானே."

அந்த ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போனோம். நாங்கள் ஊரில் தீவுப் பக்கத்துக் கத்தோலிக்கர். பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருக்கும் என் பெரியம்மாதான் காரில் எங்களை ஏற்றிக்கொண்டு போவார். பிரசங்க நேரம், பூசை வைத்த சுவாமி சின்னப் பிள்ளைகளை முன்னுக்குக் கூப்பிட்டுப் படியில் இருத்தினார். மகளும் போனாள், நல்ல சப்பாத்துப் போட்டிருந்தாள்.

"இயேசு உங்களை விரும்புறாரோ?" என்று கேட்டார் சுவாமி.

"ஓம்!" என்றன எல்லாப் பிள்ளைகளும்.

அது அடங்கி, கோயிலே அமைதியாகி, சுவாமி அடுத்த வசனத்துக்கு மூச்செடுத்த இடைவெளியில், கல்தரையில் இரண்டு தட்டு விழுந்தது. டக், டக். கூரை வரை போய்த் திரும்பி வந்தது. என் காது சூடேறியது.

"ஆரோ கதவிலை தட்டுகினம். திறந்து விடுங்கோ" என்று சுவாமி சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். மகள் அவரைப் பார்த்து இன்னொரு தரம், இன்னும் பலமாக, தட்டினாள்.

பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடி பிள்ளை இது? கோயிலுக்குள்ளை குதிரை நிண்டமாதிரி."

"அது அவள் பதில் சொல்லுற முறை, பெரியம்மா."

"முறையோ! அப்ப வாயைச் சாப்பிட மட்டும் வைச்சிருக்கிறாளே? உந்தப் படத்தை முதல்லை வீட்டாலை வெளியிலை போடு. நீயும் இடம் குடுத்துக் குடுத்துத்தான்."

கணவர் கட்லெட் ஒன்றை வாயில் வைத்தபடியே வந்தார். "மாமி, வாயாலை கதைக்கிற ஆக்கள் இந்த மண்டபத்திலை தாராளமா இருக்கினம். ஒராள் காலாலை கதைக்கட்டும்."

பெரியம்மா சிரித்துவிட்டார். ஆனால் காரில் ஏறும்போது என் கையைப் பிடித்து, "பகிடி இல்லை, பிள்ளை. பாத்துக்கொள்" என்றார். அவர் சொன்னதில் பிழை என்று எதைச் சொல்ல? என் பயத்தைத்தான் அவரும் சொன்னார், கொஞ்சம் உரத்து.

ஜனவரியில் நல்ல பனி விழுந்தது. பார்னஹாகேயில் பிள்ளைகள் பின்னேரத்தில் முற்றத்தில்தான் நிற்பார்கள். தடிப்பான ஆடை, தடிப்பான பூட்ஸ். அப்போதே இருட்டத் தொடங்கிவிடும். ஒரு நாள் நான் வேலியோரம் வந்து படலையின் கொளுக்கியில் கை வைத்தபோது, மகள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒரு கையில் உறை இல்லை. விரல்களை ஆடையின் கழுத்துக்குள் செருகியிருந்தாள். முன்னால் ஒரு ஆசிரியை ஒற்றைக் கையுறையை உயர்த்திப் பிடித்து, "இது யாருடையது? உன்னுடையதா?" என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். மகளிடமும் கேட்டார்.

அவள் தட்டினாள். இரண்டு தரம். நான் பார்த்தேன். பூட்ஸ் பனிக்குள் இறங்கி ஏறியது. ஒரு சத்தமும் இல்லை.

ஆசிரியை அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்பாகத்தான் பார்த்தார். பிறகு அடுத்த பிள்ளையிடம் திரும்பினார். மகள் இன்னும் பலமாகத் தட்டினாள். பனி இன்னும் ஆழமாக அமுங்கியது. ஆசிரியையின் முதுகைப் பார்த்தபடி தட்டிக்கொண்டே நின்றாள், ஓம், ஓம், ஓம் என்று.

நான் கத்தியிருக்கலாம். அது அவளுடையது என்று வேலிக்கு வெளியே நின்றே சொல்லியிருக்கலாம். கொளுக்கி கையில் குளிர்ந்தது. கத்தினால், அவளுக்காக நான் கதைப்பதாகிவிடுமே என்று யோசித்தேன். கத்தாவிட்டால் அவள் விரல்? இரண்டுக்கும் நடுவில் நான் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில், மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண் எங்கிருந்தோ சறுக்கிக்கொண்டு வந்தாள். மகளின் பூட்ஸைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து, முழு முற்றத்துக்கும் கேட்கிற குரலில் கத்தினாள்.

"ஹூன் சியர் யா!"

அவள் ஓம் என்கிறாள்.

ஆசிரியை திரும்பினார், கையுறை கைக்குப் போனது. நான் படலையைத் திறந்து உள்ளே போனேன், இப்போதுதான் வந்தவள் போல.

அந்தச் சின்னப் பெண் எங்கள் பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் எரித்திரியக் குடும்பத்துப் பிள்ளை. நாலு பேருடைய பேச்சை ஒருத்தியாகப் பேசுவாள்.

வீட்டில் கையுறையைச் சூடாக்கியின் மேல் காயப் போடும்போது மகள் சொன்னாள்:

"பனிக்குள்ளை தட்டினா ஒருத்தருக்கும் கேக்காது அம்மா. அவளுக்கு மட்டும் கேக்கும்."

"அவளுக்கு எப்பிடிக் கேக்குது?"

"அவள் காலைப் பாப்பாள்."

சோபாவில் ஒலிவாங்கியின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த கணவர், "பிளேபேக் பாட ஆள் பிடிச்சிட்டாள் என்ரை பிள்ளை" என்றார்.

"அப்பிடியெண்டா?" என்றாள் மகள்.

"உன்ரை படத்திலை மஞ்சள் சட்டைக்காரி பாடுறாவெல்லோ? அந்தக் காலத்திலை பலருக்கு வேறை ஆள்தான் பாடுறது. எங்கடை படத்திலை மாதிரித்தான். கால் சத்தம் கூட ஆடினாப் பிறகு தனியா எடுத்துப் போடுவினம். ஆடேக்கை வாற சத்தம் வடிவாக் கேக்காது."

மகள் திகைத்துப் போனாள். கால் சத்தம் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப அவவுக்குக் குரல் இல்லையோ?" என்றாள்.

"ஏன் இல்லாமல்? இருக்கு."

"எங்கை?"

"வீட்டிலை கதைப்பா" என்றார் அவர்.

அவள் அதில் முழுத் திருப்தியோடு தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் ஒரு திருப்தியும் இல்லை. குசினிக்குள் போய்க் கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவினேன். வீட்டில் கதைப்பா. வாழ்க்கை முழுக்கவா?

அந்த மஞ்சள் தொப்பிப் பிள்ளையை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டோம். கூப்பிடலாமா என்று எவ்வளவு யோசித்தேன் தெரியுமா? வெளியாள் வீட்டுக்குள் வந்தால், வீட்டிலும் அவள் வாய் மூடிவிட்டால்? இருந்த ஒரே இடமும் போய்விடுமே. ஆனால் மகள் கேட்டாள், நான் கூப்பிட்டேன்.

பிள்ளை வந்ததும் நான் பயந்தது போலவே நடந்தது. வாசலிலேயே மகளின் குரல் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இரண்டு பேருக்குமாகத் தானே கதைத்துக்கொண்டு அறைக்குள் போனாள். மகள் கருவியைத் தூக்கிக்கொண்டு போய்ப் படத்தைப் போட்டாள். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நான் குசினியில் மீன் ரோல் பொரித்துக்கொண்டிருந்தேன்.

தளபாடக் கடைப் பாட்டு தொடங்கியது. மஞ்சள் தொப்பி சேர்ந்து பாடினாள். அவளுக்கும் ஆங்கிலம் தெரியாது, வாயில் வந்த சத்தத்தைப் பாடினாள். லாவும் டாவும் பூவும். பிறகு இன்னொரு குரல் வந்தது.

அடுப்பை அணைத்தேன். எண்ணெயின் சத்தம் அடங்கியது. சந்தேகமே இல்லை. என் மகள் பாடுகிறாள். வெளியாள் ஒருத்தியின் முன்னால், எந்த மொழியும் இல்லாத ஒரு மொழியில், தாளம் பிசகாமல், உரத்து. மற்றப் பிள்ளை "ஆ, நீ கதைக்கிறாய்!" என்று ஒரு ஆச்சரியமும் படவில்லை. அவளும் பாடிக்கொண்டேயிருந்தாள். அவளுக்கு அது பாட்டு, அவ்வளவுதான்.

நான் அங்கேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்திருக்கிறது, பொரித்த ரோல் தட்டில் ஆறிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் நிற்க எங்களில் யாருக்குத் தெரியும்? கால் தானாகப் போனது. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, தட்டோடும் சிரிப்போடும் உள்ளே போனேன்.

பாட்டு நின்றது. பாதிச் சத்தத்தில், வாய் திறந்தபடி. மகள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, பயமும் இல்லை. கதவு திறந்ததும் விளக்கு அணைந்தது போல, அவ்வளவுதான். மஞ்சள் தொப்பி ரோலை எடுத்துக் கடித்து, "இதற்குள் என்ன?" என்று கேட்டாள். மீன் என்றேன். உனக்கும் வேண்டுமா என்று மகளைக் கேட்டேன். அவள் இரண்டு தரம் தட்டினாள். என் வீட்டில், எனக்கு, காலால்.

அந்தப் பிள்ளை போய்க் கதவு சாத்தியதும் அவள் வழக்கம் போலக் கதைக்கத் தொடங்கிவிட்டாள், ரோலில் உறைப்புக் கூட என்று. நான் அந்தப் பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இனி வராதோ என்று பயம். கேட்காமல் விட்டது சரியோ என்று இன்னும் தெரியாது. மறுபடி அந்தப் பிள்ளை வந்தபோது குசினியை விட்டு நான் அசையவில்லை. தட்டை அறை வாசலில் தரையில் வைத்துவிட்டு வந்தேன். ஆனால் அன்று அவர்கள் படம் போடவில்லை. களிமண் பிசைந்தார்கள், ஒருத்திதான் கதைத்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பிள்ளைகளும் வரும் ஓகஸ்டில் ஒரே பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறார்கள். முதலாம் வகுப்பில் இரண்டு பிரிவு. யாரோடு யாரை இருத்தலாம் என்று பள்ளிக்கூடம் பெற்றோரிடமும் கேட்கிறது. இவர்கள் இருவரையும் ஒரே பிரிவில் விடச் சொல்லி நான் கேட்கலாம், பிரித்து விடச் சொல்லியும் கேட்கலாம். பொறுப்பாசிரியையிடம் போய் என்ன செய்ய என்று கேட்டேன். சேர்த்து விட்டால் அவளுக்குத் துணிவு வரலாம், அந்தப் பிள்ளையின் பக்கத்தில்தான் ஒருநாள் குரலும் வரலாம் என்றார். இல்லையென்றால், தனக்காகக் கதைக்க எப்போதும் ஒரு ஆள் இருப்பதால் அவள் கதைக்காமலே இருந்துவிடவும் கூடும் என்றார். பேச்சைக் கவனிக்கும் பெண்ணும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் முடிவில் ஒன்றையே கேட்டார்கள்: "நீங்கள்தான் அவளை நன்றாக அறிந்தவர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

இந்த நாட்டில் எதைக் கேட்கப் போனாலும் கடைசியில் இந்தக் கேள்வி நம்மிடமே வந்துவிடும். மரியாதையான கேள்விதான். ஆனால் எனக்குத் தெரிந்தால் நான் ஏன் கேட்கிறேன்?

கணவர் சேர்த்து விடச் சொல்கிறார். "பாட்டு அங்கைதானே வந்தது" என்கிறார். பெரியம்மா பிரிக்கச் சொல்கிறார். "கஷ்டப்பட்டால்தான் வாய் திறக்கும்" என்கிறார். கஷ்டப்பட்டு அந்தப் பனிக்குள் அவள் தட்டியதை அவர் பார்க்கவில்லை. அன்றும் கூட அவள் வாய் திறக்கவில்லையே. மற்றப் பிள்ளையைப் பற்றியும் நினைக்க வேண்டியிருக்கிறது. அவளும் ஆறு வயதுக்கு வரும் ஒரு குழந்தை. தன் விளையாட்டை விட்டு இன்னொருத்தியின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பது அவள் வேலையா? ஒருநாள் அவளுக்கு அலுத்துவிட்டால், என் மகள் யாருடைய முதுகைப் பார்த்துத் தட்டுவாள்?

இந்தக் கட்டுரையைத் தமிழில் எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. நோர்வேஜிய மொழியில் எழுதினால் வாசித்தவர்கள் என்னிடமே திருப்பிக் கேட்பார்கள். நீங்கள் கேட்க மாட்டீர்கள், சொல்லுவீர்கள். பெரியம்மாவைப் போல உரத்துச் சொன்னாலும் பரவாயில்லை.

ஈஸ்டருக்கு முன் பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்களில் யாருக்காவது வெளியே வாய் திறக்காத பிள்ளை இருந்ததா? இப்போது வளர்ந்துவிட்டதா? அதற்காகக் கதைத்த சிநேகிதி ஒருத்தி, அல்லது அண்ணன் தம்பி இருந்தார்களா? அவர்களைச் சேர்த்தே விட்டீர்களா, பிரித்தீர்களா, பிறகு என்ன நடந்தது? அல்லது நீங்களே அப்படி ஒரு பிள்ளையாக இருந்திருந்தால், உங்கள் அம்மா என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். அந்தப் படத்தை இனியும் நூலகத்திலிருந்து எடுக்கலாமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாளைக்குத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள். அவள் மறுபடியும் எடுப்போமா என்று கேட்டுவிட்டாள், வாயால்தான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.